"ஸ்க்ரீன் தெரியுதா?" – ஷேர் பண்ணி வேலை பாக்கப் புதுசா வந்தவங்களுக்கு

ஸ்க்ரீன் ஷேர் பட்டன் எங்க இருக்குன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, எந்த மீட்டிங் ஆப்பைத் திறந்தாலும் கண்ணுல படற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. அதை அழுத்துனதுக்கு அப்பறம் எப்படிப் பேசணும், எப்ப நிறுத்தணும், பாத்துட்டு இருக்கறவங்க என்ன செய்யணும்ங்கறதைத்தான் யாரும் சொல்றதில்ல. புதுசா வேலைக்குச் சேந்தவங்க நாலஞ்சு மீட்டிங்ல வாங்கிக் கட்டிக்கிட்டு, "சாரி சாரி, இப்ப தெரியுதா?"ன்னு பத்து தடவை கேட்டு, அப்படியே தட்டுத்தடுமாறிக் கத்துக்கறாங்க. நானும் அப்படிக் கத்துக்கிட்டவன்தான், அதனால அந்த அடியெல்லாம் நீங்களும் வாங்க வேண்டாமேன்னு இதை எழுதறேன்.

ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா பாதிக் கஷ்டம் போயிடும். நீங்க பாக்கற ஸ்க்ரீன் வேற, அவங்க பாக்கற ஸ்க்ரீன் வேற. உங்களுக்குப் பெருசா பளிச்சுன்னு உடனே தெரியறது, அவங்களுக்குச் சின்னதா, கொஞ்சம் மங்கலா, கொஞ்சம் லேட்டா, சில நேரம் பாதியாத்தான் போய்ச் சேருது. கீழ சொல்லப்போறது எல்லாமே இந்த ஒரு இடைவெளியைச் சமாளிக்கற வழிகள்தான்.

1. மீட்டிங்குக்கு முன்னாடி ஒரு 10 நிமிஷம்

மேக் வெச்சிருக்கவங்க முதல்ல இதைப் பாத்துடுங்க. 2019-ல வந்த கேட்டலினாங்கற மேக் ஓஎஸ் வெர்ஷன்லருந்து, எந்த ஆப் ஸ்க்ரீனை எடுக்கணும்னாலும் சிஸ்டம் செட்டிங்ஸ்ல ஸ்க்ரீன் ரெக்கார்டிங்குக்குத் தனியா பர்மிஷன் குடுக்கணும். குடுத்தா மட்டும் போதாது, ஆப்பை மூடித் திறந்தாத்தான் அது வேலை செய்யும். இதோட அர்த்தம் என்னன்னா, புது லேப்டாப்ல முதல் தடவையா மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் ஷேர் அழுத்துனா, நீங்க கால்லருந்து வெளிய போயிட்டுத் திரும்பி வரணும், அதுவரைக்கும் எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. முந்தின நாளே தனியா ஒரு மீட்டிங் திறந்து உங்களுக்கு நீங்களே ஒரு தடவை ஷேர் பண்ணிப் பாத்துடுங்க.

அடுத்தது நோட்டிஃபிகேஷன். டூ நாட் டிஸ்டர்ப் போட்டுடுங்க, சாட் ஆப் தேவையில்லன்னா மூடியே வெச்சிடுங்க. நான் ஒரு தடவை கஸ்டமர் கால்ல முழு ஸ்க்ரீனையும் ஷேர் பண்ணிட்டு இருக்கும்போது, கூட வேலை பாக்கற ஒருத்தர் "இந்த ஆளு இன்னும் முடிக்கலையா"ன்னு மெசேஜ் அனுப்ச்சார். அது வலது மூலைல அஞ்சு செகண்ட் நின்னுட்டுப் போச்சு. "அந்த ஆளு", அதாவது கஸ்டமர், சிரிச்சுட்டார், அது என் நல்ல நேரம்.

பிரவுசர்ல வேலைக்குன்னு தனி ப்ரொஃபைல் வெச்சுக்கறது ரொம்ப உபயோகமா இருக்கும், ஏன்னா அட்ரஸ் பார்ல ஒரு எழுத்து தட்டுனதும் நீங்க பழசா தேடுனது எல்லாம் வரிசையா வந்து நிக்கும், புக்மார்க் பார்ல என்னென்ன இருக்குன்னு நமக்கே மறந்து போயிருக்கும். டெர்மினல்ல வேலை செய்யறவங்க மேல் அம்புக்குறி அழுத்துனா பழைய கமாண்ட் வரும், அதுல ஏதாவது பாஸ்வேர்டோ டோக்கனோ ஒட்டிக்கிட்டு இருக்கான்னு பாத்துக்கோங்க.

காட்டப்போறதை எல்லாம் முன்னாடியே திறந்து, லாகின் பண்ணி, வரிசையா வெச்சுக்கோங்க. ஷேர் பண்ணிட்டு "ஒரு நிமிஷம், ஓடிபி வரணும்"னு எட்டு பேரைக் காக்க வைக்கறது நல்லாவா இருக்கும்.

அப்பறம் எழுத்து சைஸ். இதுல கொஞ்சம் கணக்கு போட்டுப் பாத்தாத்தான் புரியும். உங்க மானிட்டர் 2560 பிக்சல் அகலம், எதிர்ல இருக்கறவர் லேப்டாப் 1366 பிக்சல்னு வெச்சுக்கோங்க. உங்க ஸ்க்ரீன் அவர்கிட்ட போகும்போது கிட்டத்தட்ட பாதியா சுருங்குது. அவருக்குப் பக்கத்துல சாட் பேனல், மேல நாலு பேர் மூஞ்சின்னு இருக்கும், அதுக்கும் இடம் போச்சுன்னா இன்னும் சுருங்கும். உங்களுக்கு 11 சைஸ்ல தெரியற எழுத்து அவருக்கு 5, 6 சைஸ்ல எறும்பு ஊர்ற மாதிரி தெரியும். அவர் அதைச் சொல்லவும் மாட்டார், கூச்சம். அதனால கன்ட்ரோல் கூட பிளஸ் அழுத்தி 150 சதவீதத்துக்குக் கொண்டுபோயிடுங்க. உங்க கண்ணுக்கு அசிங்கமா பெருசா தெரிஞ்சா, அவங்களுக்கு சரியா இருக்குன்னு அர்த்தம். முடிஞ்சதும் கன்ட்ரோல் கூட 0 அழுத்துனா பிரவுசர் பழைய சைஸுக்கு வந்துடும். கருப்பு பேக்ரவுண்ட்ல மெல்லிசா சாம்பல் கலர் எழுத்து வெச்சிருக்கவங்க தயவுசெஞ்சு மீட்டிங் நேரத்துக்கு மட்டுமாவது வெள்ளை பேக்ரவுண்டுக்கு மாத்துங்க, வீடியோவா சுருக்கி அனுப்பும்போது முதல்ல அழியறது அந்த மெல்லிசு எழுத்துதான்.

2. எதை ஷேர் பண்றதுன்னு முடிவு பண்ணுங்க

டேப், விண்டோ, முழு ஸ்க்ரீன்னு மூணு இருக்கும். அவசரத்துல முழு ஸ்க்ரீனை அழுத்தறதுதான் எல்லாருக்கும் பழக்கம்.

ஒரே ஒரு வெப் பேஜை மட்டும் காட்டணும்னா டேப் போதும். க்ரோம்ல டேப் ஷேர் பண்ணா அந்த டேப்போட சத்தமும் கூடப் போகும், வேற எதுவும் வெளிய தெரியாது. ஆனா நீங்க அடுத்த டேப்புக்குத் தாவினா அவங்களுக்குப் பழைய டேப்தான் தெரிஞ்சுட்டு இருக்கும், மேல "இந்த டேபுக்குப் பதிலா அதை ஷேர் பண்ணு"ங்கற மாதிரி ஒரு பட்டன் வரும், அதை அழுத்தணும். இது தெரியாம அஞ்சு நிமிஷம் தனியா பேசிட்டு இருந்தவங்க நிறைய பேர்.

விண்டோ ஷேர்ல ஒரு பொறி இருக்கு. நீங்க ஷேர் பண்ணது அந்த ஒரு விண்டோவை, அதுலருந்து கிளம்பற சின்னப் பெட்டிகள், ட்ராப்டவுன் மெனு, ஃபைல் திறக்கற பாக்ஸ் இதெல்லாம் சிஸ்டம் கண்ணுக்குத் தனி விண்டோ, அதனால பல நேரம் அது அவங்களுக்குத் தெரியாது. ஒரு தடவை புதுசா வந்த ஒரு தம்பிக்கு நான் ஒரு செட்டிங்கைக் காட்டிட்டு இருந்தேன்.

"இப்ப வந்துச்சு பாருங்க, அந்த பாக்ஸ்ல ரெண்டாவதை டிக் பண்ணணும்."

"சரிங்க."

"பண்ணிட்டீங்களா உங்க பக்கம்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் மெதுவா, "அண்ணா, எந்த பாக்ஸ்?"

அவருக்கு அந்தப் பெட்டி வரவே இல்ல. முதல் "சரிங்க"வை அவர் மரியாதைக்குச் சொல்லியிருக்கார். தப்பு என்னுதுதான். புதுசா வர்றவங்க பாதிப்பேர் புரியலைன்னாலும் "சரிங்க"ன்னுதான் சொல்வாங்க, அதனால "சரிங்க"ங்கறதை பதிலா எடுத்துக்காதீங்க, அவங்க கண்ணுல என்ன தெரியுதுன்னு அவங்க வாயாலயே சொல்ல வைங்க.

நாலஞ்சு ஆப்புக்கு நடுவுல மாறி மாறிப் போகற வேலைன்னா முழு ஸ்க்ரீன்தான் சரி. ரெண்டு மானிட்டர் இருந்தா ஒண்ணை மட்டும் ஷேர் பண்ணிட்டு, குறிப்பு, சாட், மீட்டிங் விண்டோ எல்லாத்தையும் இன்னொண்ணுல போட்டுடுங்க. ஒரே மானிட்டர்தான், அதுல மீட்டிங் விண்டோவும் திறந்திருக்குன்னா கண்ணாடிக்குள்ள கண்ணாடி மாதிரி ஸ்க்ரீனுக்குள்ள ஸ்க்ரீனா போயிட்டே இருக்கும், அதை மினிமைஸ் பண்ணிட்டா தீந்துச்சு. ரொம்ப அகலமான மானிட்டர் வெச்சிருக்கவங்க முழுசா ஷேர் பண்ணா மத்தவங்களுக்கு ஒரு ரிப்பன் மாதிரி தெரியும். ஜூம்ல ஸ்க்ரீன்ல ஒரு பகுதியை மட்டும் ஷேர் பண்ற வசதி அட்வான்ஸ்ட் டேப்புக்குள்ள இருக்கு, அதை எடுத்துக்கோங்க.

வீடியோ காட்டணும்னா ஷேர் பண்ற அந்தப் பெட்டியிலயே சத்தத்தையும் சேத்து அனுப்பற டிக் இருக்கும். அதை மறந்துட்டு, ஊமைப் படம் மாதிரி ரெண்டு நிமிஷம் ஓட்டிட்டு, "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டுடாதீங்க.

3. முதல் அரை நிமிஷம்

"எல்லாருக்கும் ஸ்க்ரீன் தெரியுதா?" இந்தக் கேள்விக்கு ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, மயான அமைதி, ஏன்னா எல்லாரும் வேற யாராவது சொல்லட்டும்னு மியூட்லயே இருப்பாங்க. இல்லன்னா ஆறு பேர் ஒரே நேரத்துல "தெரியுது". அப்படியே தெரிஞ்சாலும் படிக்க முடியுதாங்கறது தனி விஷயம்.

ஒருத்தரை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. "கடைசி லைன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க பாக்கலாம்"னு கேளுங்க. அவர் படிச்சுட்டார்னா ஸ்க்ரீன் வருது, சரியான விண்டோதான் வருது, எழுத்து சைஸ் போதும், உங்க மைக்கும் வேலை செய்யுதுன்னு ஒரே கேள்வில நாலும் முடிஞ்சுது. பெரிய மீட்டிங்னா நான் போன்லயும் அதே மீட்டிங்ல நுழைஞ்சுடுவேன், அவங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு பக்கத்துலயே வெச்சுப் பாத்துக்கலாம். ஆனா போன்ல ஆடியோ இல்லாம நுழையுங்க, மறந்தீங்கன்னா ஊய்ங்ங்னு ஒரு கூச்சல் கிளம்பி எல்லாரும் ஹெட்செட்டைக் கழட்டி வீசிடுவாங்க.

அப்பறம் எதுக்கு கூடியிருக்கோம்னு ஒரே வரில சொல்லிடுங்க. "இந்த ரிப்போர்ட்ல மொத்தம் ஏன் தப்பா வருதுன்னு கண்டுபிடிக்கணும், 20 நிமிஷம் எடுத்துக்கலாம், நான் ஓட்டறேன், நீங்க சொல்லுங்க." இவ்ளோதான்.

4. கை செய்யறதை வாய் சொல்லணும்

இந்த ஒரு பகுதியை மட்டும் படிச்சுட்டு மீதிய விட்டாக்கூட பரவாயில்ல.

நேர்ல ரெண்டு பேர் பேசும்போது ஒருத்தர் முடிச்சு இன்னொருத்தர் ஆரம்பிக்கற இடைவெளி ரொம்பச் சின்னது. 2009-ல 10 மொழிகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, சராசரியா 200 மில்லிசெகண்ட் பக்கம்தான் வந்துச்சு, அதாவது ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. இப்ப நெட்டுக்கு வருவோம். குரல் ஒரு பக்கத்துலருந்து இன்னொரு பக்கம் போக 150 மில்லிசெகண்டுக்குள்ள இருந்தா நல்லதுன்னு சர்வதேச தொலைத்தொடர்பு சங்கம் சொல்லுது. அந்த "நல்ல" கால்லயே போக 150, வர 150. நேர்ல பேசற இடைவெளியை இதுவே முழுங்கிடுது. நீங்க முடிச்சுட்டு யாரும் பேசலையேன்னு திரும்ப ஆரம்பிக்கற அதே நேரத்துல அவங்களோட குரல் வந்து மோதும், "நீங்க சொல்லுங்க", "இல்ல இல்ல நீங்க சொல்லுங்க"ன்னு ரெண்டு பேரும் நின்னுடுவீங்க. இதுல யாரும் அவசரக்காரங்க இல்ல, லேக், அதாவது குரல் லேட்டா வந்து சேர்றது, பண்ற வேலை இது. ஒவ்வொரு விஷயம் முடிஞ்சதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு எண்ணிட்டு அப்பறம் தொடருங்க, ஆரம்பத்துல விநோதமா இருக்கும், ஒரு வாரத்துல பழகிடும்.

இது குரலுக்கு மட்டும். ஸ்க்ரீனுக்கு வேற கதை. எழுத்து தெளிவா போகணும்ங்கறதுக்காக ஆப் பெரும்பாலும் ஒரு செகண்டுக்கு அனுப்பற படத்தோட (ஃப்ரேம்) எண்ணிக்கையைக் குறைச்சுடும், மூஞ்சி வீடியோ மாதிரி செகண்டுக்கு 25, 30 ஃப்ரேம்னு போகாது. நெட் சுமாரா இருந்தா குரலை முதல்ல காப்பாத்திட்டு, ஸ்க்ரீனைப் பின்னாடி விட்டுடும். அதனால நீங்க சர்ருனு ஸ்க்ரோல் பண்ணா அவங்களுக்கு ஆரம்பம் தெரியும், நடுவுல ஒரே குழப்பம், அப்பறம் முடிவு தெரியும். நீங்க "இதோ இந்த லைன்"னு சொல்லும்போது அவங்க கண்ணு முன்னாடி இன்னும் போன பக்கம்தான் இருக்கும்.

இதுக்கு ஒரே மருந்து, செய்யறதுக்கு முன்னாடி சொல்றது. "இப்ப ரிப்போர்ட் ஃபைலுக்குப் போறேன்." போங்க. நில்லுங்க. "வந்துச்சா? சரி, கீழ 140-வது லைனுக்கு இறங்கறேன்." இறங்குங்க. நில்லுங்க. உங்களுக்கே ஆமை வேகம் மாதிரி இருக்கும், அவங்களுக்கு அப்பத்தான் சரியான வேகம். ஷார்ட்கட்ல பறக்கறவங்க கவனம், நீங்க மூணு கீயை அழுத்தி ஒரு விஷயத்தைச் செஞ்சுட்டா அவங்களுக்கு அது மாயாஜாலம், கத்துக்க வந்தவங்களுக்கு அதுல ஒண்ணுமே கிடைக்காது. அந்த நேரத்துக்கு மவுஸ்ல மெனுவைத் திறந்தே காட்டுங்க.

"இங்க", "அங்க", "இது" – இந்த மூணு வார்த்தையையும் மீட்டிங்ல தடை பண்ணணும்னு நெனைக்கறேன். நேர்ல விரல் நீட்டற பழக்கத்துல வர்ற வார்த்தை, ஆனா இங்க விரல் இல்ல. "சி காலம், 12-வது ரோ", "இடது பக்கம் மேலருந்து மூணாவது மெனு", "சிவப்பு எரருக்கு ரெண்டு லைன் மேல" இப்படிச் சொல்லுங்க. அப்பவும் கலரை மட்டும் நம்பாதீங்க, சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதவங்க மீட்டிங்ல இருக்கலாம். இன்னொண்ணும் சொல்லணும், கண்ணு தெரியாதவங்க யூஸ் பண்ற ஸ்க்ரீன் ரீடருக்கு ஸ்க்ரீன் ஷேர்ங்கறது வெறும் வீடியோ, அதுல இருக்கற எழுத்தை அதால படிக்க முடியாது. அப்படி ஒருத்தர் டீம்ல இருந்தா ஃபைலையோ லிங்க்கையோ முன்னாடியே அனுப்பிடுங்க, அவர் தன் பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டுக் கூடவே வருவார். உண்மையில எல்லாருக்குமே அனுப்பிடறது நல்லதுதான்.

மவுஸ் கர்சரை வட்டம் வட்டமா சுத்தாதீங்க, ஃப்ரேம் கம்மியா போகறதால அது அங்கங்க பூச்சி குதிக்கற மாதிரிதான் தெரியும். காட்ட வேண்டிய இடத்துல கொண்டுபோய் அசையாம வைங்க, இல்லன்னா அந்த எழுத்தை செலக்ட் பண்ணி நீலமா காட்டுங்க, அதைவிடத் தெளிவா வேற எதுவும் தெரியாது. விண்டோஸ்ல ஜூம்இட்னு ஒரு குட்டி டூல் இருக்கு, கன்ட்ரோல் கூட 1 அழுத்துனா ஸ்க்ரீனைப் பெருசாக்கும், கன்ட்ரோல் கூட 2 அழுத்துனா மேல வரையலாம். அடிக்கடி டெமோ குடுக்கறவங்க ஒரு தடவை பழகிட்டா விடமாட்டீங்க.

பேசாம படிக்கறதும் ஒரு பிரச்சனை. எரர் மெசேஜ் வந்ததும் நீங்க மௌனமா பத்து செகண்ட் படிப்பீங்க, அந்தப் பத்து செகண்டும் அந்தப் பக்கம் "ஃப்ரீஸ் ஆயிடுச்சோ, கால் கட்டாயிடுச்சோ"ன்னு யோசிச்சுட்டு இருப்பாங்க, அதுல ஒருத்தர் "ஹலோ? ஹலோ?"ன்னு ஆரம்பிப்பார். "ஒரு நிமிஷம், படிச்சுட்டு இருக்கேன்"னு ஒரு வார்த்தை போட்டுட்டுப் படிங்க.

5. பாத்துட்டு இருக்கறவங்களுக்கும் வேலை இருக்கு

ஷேர் பண்றவர் கைல ஸ்டியரிங், பக்கத்துல உக்காந்து வழி சொல்றவர் ஒருத்தர். ப்ரோக்ராமிங் பண்றவங்க இதை டிரைவர், நேவிகேட்டர்னு சொல்வாங்க. முக்கியமானது "ஒருத்தர்"ங்கறது. அஞ்சு பேர் அஞ்சு பக்கத்துலருந்து "லெஃப்ட்ல போ, மேல போ, அதை க்ளிக் பண்ணு"ன்னா ஓட்டறவருக்குப் பதட்டத்துல தன் பேரே மறந்துடும், எல்லார் முன்னாடியும் டைப் அடிக்கறதே பாதிப்பேருக்குக் கை நடுங்கற விஷயம். மத்தவங்களுக்குத் தோணறதை சாட்ல போடட்டும், வழி சொல்றவர் அதுல வேணுங்கறதை எடுத்துப்பார்.

வழி சொல்லும்போது முதல்ல எதுக்குன்னு சொல்லுங்க, அப்பறம் எந்த இடம், கடைசியா என்ன க்ளிக். "டேட் தப்பா வருதான்னு பாக்கணும். செட்டிங்ஸ் பேஜுக்குப் போங்க. அதுல ரெண்டாவது டேப்." எதுக்குன்னு தெரிஞ்சுட்டா அவரே பாதி தூரம் போயிடுவார். எதுக்குன்னு சொல்லாம "கீழ, இன்னும் கீழ, ஐயோ தாண்டிட்டீங்க, மேல"ன்னு ஓட்டறது ரெண்டு பேருக்கும் எரிச்சல்.

கமாண்டையோ லிங்க்கையோ வாயால சொல்லவே சொல்லாதீங்க. "எல்லாம் சின்ன எழுத்து, அப்பறம் ஹைஃபன், இல்ல ரெண்டு ஹைஃபன், நடுவுல ஸ்பேஸ் இல்ல, அண்டர்ஸ்கோர்... இல்லல்ல அது கீழ கோடு"ன்னு ஒரு லைனுக்கு நாலு நிமிஷம் போகும். சாட்ல பேஸ்ட் பண்ணுங்க. அதுலயும் ஒரு கண்ணி இருக்கு, சில சாட் ஆப் நேரா இருக்கற மேற்கோள் குறியை வளைஞ்சதாவும், ரெண்டு ஹைஃபனை ஒரே நீளக் கோடாவும் தானா மாத்திடும், பாக்க ஒண்ணு போலவே இருக்கும், ஓட்டுனா எரர். எழுத்தை மாத்தாம அப்படியே காட்டற கோட் ப்ளாக்குக்குள்ள போட்டு அனுப்புனா அந்தத் தொல்லை இல்ல.

நிறுத்த வேண்டிய நேரத்துக்குன்னு ஒரு வார்த்தையை முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. எங்க டீம்ல "நில்லுங்க". தப்பான சர்வர்ல டெலிட் கமாண்ட் அடிச்சுட்டு இருக்கும்போது "எக்ஸ்கியூஸ் மீ, ஒரு சின்ன டவுட்டு, அது வந்து"ன்னு ஆரம்பிச்சா அதுக்குள்ள என்டர் விழுந்துடும். அவசரம் இல்லாத கேள்விக்குக் கை தூக்கற பட்டன் இருக்கு, ஆனா ஷேர் பண்றவருக்கு அது பல நேரம் தெரியாது, அதனால வேற ஒருத்தர் அதைக் கவனிச்சு "ஒரு கேள்வி இருக்கு"ன்னு குரல் குடுக்கணும்.

பேசாதப்ப மியூட். ஜூம்ல ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடிச்சுட்டுப் பேசலாம், விட்டா திரும்ப மியூட். விண்டோஸ்ல கூகுள் மீட்டுக்கு கன்ட்ரோல் கூட டி (D), டீம்ஸுக்கு கன்ட்ரோல் ஷிஃப்ட் எம். ஷேர் பண்றவர் மட்டும் ஸ்பேஸ் பார் விளையாட்டு விளையாடாதீங்க, கர்சர் எடிட்டர்ல இருந்தா மைக் திறக்காது, ஃபைல்ல இருபது ஸ்பேஸ் விழும்.

ஜூம்ல ஷேர் ஆகற ஸ்க்ரீன் மேல பாக்கறவங்களும் வரையலாம். வட்டம் போட்டுக் காட்டறது வசதிதான், ஆனா ஸ்க்ரோல் பண்ணா எழுத்து நகரும், வட்டம் அங்கயே நிக்கும். அப்பறம் சம்பந்தமே இல்லாத லைனைச் சுத்தி வட்டம் இருக்கும். வரைஞ்சவங்களே அழிச்சுடணும்.

6. கன்ட்ரோலைக் குடுக்கறது

1968 டிசம்பர் 9-ஆம் தேதி சான் ஃபிரான்சிஸ்கோல டக்ளஸ் எங்கல்பார்ட்ங்கற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் மேடைல ஒரு டெமோ காட்டினார். மவுஸை வெளியுலகம் பாத்ததே அதுலதான். சுமார் 30 மைல் தள்ளி மென்லோ பார்க்ல இருந்த கூட்டாளியோட ஒரே ஸ்க்ரீன்ல ரெண்டு பாயிண்டரை வெச்சுக்கிட்டு, ஹெட்செட்ல பேசிக்கிட்டே வேலை செஞ்சு காட்டினார். நாம இன்னிக்குப் பண்றது எல்லாம் அன்னிக்கே இருந்துச்சு, ஒரே ஸ்க்ரீன்ல ரெண்டு கைங்கறதும் சேத்து.

ஜூம்லயும் டீம்ஸ்லயும் எதிர்ல இருக்கறவர் கன்ட்ரோல் கேக்கலாம், நீங்க அனுமதிச்சா அவர் மவுஸை நகர்த்தலாம், டைப் பண்ணலாம். எல்லா ஆப்லயும் இந்த வசதி இருக்காது. விதி ஒண்ணே ஒண்ணு, ஒரு நேரத்துல ஒரு கை. "நான் எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு எடுங்க, "விட்டுட்டேன்"னு சொல்லிட்டு விடுங்க. சொல்லாம ரெண்டு பேரும் நகர்த்துனா கர்சர் இழுபறில மாட்டிக்கும், லேக் வேற சேந்துச்சுன்னா யார் எதை அழுத்துனாங்கன்னே தெரியாம ஏதோ ஒண்ணு க்ளிக் ஆயிடும்.

கத்துக்க வந்தவர்கிட்டருந்து அடிக்கடி கன்ட்ரோலைப் பிடுங்காதீங்க. உங்களுக்கு ரெண்டு செகண்ட் வேலை, ஆனா அவர் அடிச்சாத்தான் அவர் கைக்குப் பழகும். பொறுமை இல்லன்னா மைக்கை மியூட் பண்ணிட்டுப் பெருமூச்சு விட்டுக்கோங்க, நான் அதைத்தான் செய்வேன். ரொம்ப நேர வேலைன்னா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டறவரை மாத்துங்க. கோட் எழுதற வேலையா இருந்தா விஎஸ் கோட்ங்கற எடிட்டர்ல இருக்கற லைவ் ஷேர் மாதிரி ஒண்ணைப் பாருங்க, ஒரே ஃபைல்ல ஆளுக்கு ஒரு கர்சர், அவங்கவங்க எழுத்து சைஸ், அவங்கவங்க கலர். நான் முதல்ல சொன்ன அந்த எறும்பு எழுத்துப் பிரச்சனையே அதுல கிடையாது.

பாஸ்வேர்டு அடிக்கணும்னா ஷேரை நிறுத்திட்டு அடிங்க. முன்பின் தெரியாத ஆளு போன் பண்ணி "சப்போர்ட்லருந்து பேசறோம், ஸ்க்ரீனை ஷேர் பண்ணுங்க, கன்ட்ரோல் குடுங்க"ன்னா குடுக்கவே குடுக்காதீங்க, மோசடி பண்றவங்க கைல இருக்கற பழைய ஆயுதம் அது.

7. நெட் படுத்தும்போது

முதல்ல கேமராவை ஆஃப் பண்ணுங்க. ஜூம் குடுக்கற கணக்குப்படி வீடியோ இல்லாம ஸ்க்ரீன் ஷேர் மட்டும்னா 50 முதல் 75 கேபிபிஎஸ் போதும், ரெண்டு பேர் 720பி வீடியோல பேசணும்னா 1.2 எம்பிபிஎஸ், அதாவது 1200 கேபிபிஎஸ் வேணும். ஸ்க்ரீனை விட உங்க மூஞ்சிதான் குறைஞ்சது பதினாறு மடங்கு நெட்டைச் சாப்பிடுது. ஸ்க்ரீன் ஒரே இடத்துல நின்னுடுச்சுன்னு சொன்னா ஷேரை நிறுத்தி மறுபடி ஆரம்பிங்க, பெரும்பாலும் அதுலயே சரியாயிடும். குரல் மட்டும் உடையுதுன்னா ஆடியோவை போன்ல போட்டுட்டு ஸ்க்ரீனை லேப்டாப்ல வெச்சுக்கோங்க.

முக்கியமான மீட்டிங்னா, நீங்க கட் ஆயிட்டா யார் தொடர்றதுன்னு முன்னாடியே ஒருத்தர்கிட்ட ஃபைலைக் குடுத்து வெச்சிடுங்க. கட் ஆகித் திரும்பி வந்தவருக்கு "நீங்க போனதுக்கு அப்பறம் இது மட்டும் முடிவாச்சு"ன்னு ஒரு வரி சொல்லுங்க. அவரா கேக்க மாட்டார்.

8. முடிக்கறது

முடிவானதை அதே ஸ்க்ரீன்ல எல்லார் கண்ணு முன்னாடியும் டைப் பண்ணுங்க. யார், என்ன, எப்போ. கடைசி அஞ்சு நிமிஷத்தை இதுக்குன்னே ஒதுக்குங்க. வாயால "சரி பாத்துக்கலாம்"னு கலைஞ்சா ஆளுக்கு ஒண்ணு புரிஞ்சிருக்கும், ஸ்க்ரீன்ல எழுத்தா வந்ததும்தான் "இல்லங்க, நான் அதைச் சொல்லல"ன்னு ஒருத்தர் வாயைத் திறப்பார், அது மூணு நாள் கழிச்சு வர்றதை விட இப்பவே வர்றது நல்லது. வேற வேற நாட்டுல ஆள் இருந்தா "நாளைக்கு காலைல"ன்னு எழுதாதீங்க, யாரோட காலைல? தேதி, மணி, எந்த டைம் ஸோன்னு போடுங்க, இல்ல காலண்டர் இன்வைட் அனுப்பிட்டா அதுவே அவங்கவங்க நேரத்துக்கு மாத்திக்கும்.

ரெக்கார்ட் பண்றதா இருந்தா ஆரம்பத்துலயே சொல்லிட்டுப் பண்ணுங்க. ஆப் தானா அறிவிக்கும்தான், இருந்தாலும் நீங்க வாயால கேக்கறது வேற.

வேலை முடிஞ்சு அரட்டை ஆரம்பிச்ச அந்த நிமிஷம்தான் ஆபத்தான நிமிஷம். எல்லாரும் சிரிச்சுட்டு இருப்பாங்க, நீங்களும் சிரிச்சுக்கிட்டே பழக்கதோஷத்துல மெயிலைத் திறப்பீங்க, ஷேர் இன்னும் ஓடிட்டு இருக்கும். நான் ஒரு தடவை அப்படித் திறந்தது வேற ஒரு கம்பெனிலருந்து வந்த இன்டர்வியூ மெயில். ஸ்டாப் ஷேர் அழுத்துங்க, "ஷேர் பண்ணிட்டு இருக்கீங்க"ன்னு மேல நிக்கற அந்தப் பட்டை போயிடுச்சான்னு ஒரு தடவை கண்ணால பாருங்க, அப்பறம் திறங்க.